வாடை பத்தலை

அந்தக் குடியிருப்பின் லிஃப்ட்டுக்குள் அவர் ஏறிவிட்டால் போதும், கூட ஏறுகிறவர்கள் மாடி எண்ணைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவரும் மறுபேச்சில்லாமல் பட்டனை அமுக்குவார். அவரை மட்டம் தட்ட வேண்டுமென்று யாரும் அப்படிச் செய்யவில்லை. வருஷக்கணக்காக ஓடிய ஒரு தொலைக்காட்சித் தொடரில் அவர் லிஃப்ட்காரராக வந்தார். கதவு திறக்கும், கதாநாயகி அழுதுகொண்டோ சிரித்துக்கொண்டோ உள்ளே வருவாள், இவர் "எந்த மாடி?" என்று கேட்பார். அவ்வளவுதான் வசனம். ஆனால் அழுகிறவளிடம் கேட்ட 'எந்த மாடி'யும், காதலனோடு வருகிறவளிடம் கேட்ட 'எந்த மாடி'யும் ஒன்றல்ல. இதை யாராவது கவனித்தார்களா என்பதுதான் அவருடைய நெடுநாள் விசாரம். தொடர் முடிந்து எவ்வளவோ காலமாகியும் லிஃப்ட்காரர் என்ற பெயர் மட்டும் அவரை விட்டு இறங்கவில்லை.

"ஏங்க, நமக்கு ரெண்டாவது மாடி. ஏழாவதுக்கு எதுக்குப் போயிட்டு வர்றோம்?" என்பாள் மனைவி, லிஃப்ட்டுக்குள்ளேயே.

"அந்தப் பெரியவர் ஏழுன்னு சொல்லிட்டாரு. முகத்துல அடிச்ச மாதிரி முடியாதுன்னு சொல்லச் சொல்றியா?"

அவர் இந்த நாட்டுக்கு வந்தது நடிக்க அல்ல, பாத்திரம் கழுவ. ஓட்டலின் பின்கதவும் ஒரு நாடகக் கொட்டகையின் பின்கதவும் ஒரே சந்துக்குள் திறந்தன. ஒருநாள் நாடகத்தில் சவப்பெட்டி தூக்க வேண்டிய நால்வரில் ஒருவன் வரவில்லை என்று, சந்தில் எச்சில் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தவரைக் கையோடு இழுத்துப்போய்க் கறுப்புக் கோட்டை மாட்டி மேடையில் ஏற்றிவிட்டார்கள். பெட்டி காலி. இவர் அதைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையில் முன்வரிசைக்காரர்கள் விதவையாக நடித்தவளை விட்டுவிட்டு இவரைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள். அன்றைக்குப் பிடித்தது பித்து.

கதவு திறப்பவர், ஈட்டி பிடிப்பவர் என்று போய், ஒருநாள் ஒரு வரி வசனம் கிடைத்தது. அரசர் இறந்துவிட்டார் என்று ஓடிவந்து சொல்ல வேண்டும். ஓடிவந்தார், சொன்னார். கொட்டகையே கொல்லென்று சிரித்தது. செத்த அரசருக்கும் சிரிப்பு வந்து வயிறு குலுங்கியது. இவர் பேச்சில் அடித்த சொந்த ஊர்வாடை அப்படி.

அந்தச் சிரிப்பை அவர் வீட்டுக்குத் தூக்கிவந்தார். மறுநாளே, திரைக்குப் பின்னாலிருந்து நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் அம்மாளிடம் போய் நின்றார். அந்த அம்மாள் ஒரு பாட்டில் தக்கையைப் பல்லிடுக்கில் வைத்து, இதோடு பேசு என்றாள். தக்கையோடு பேசினார். தக்கையோடு பாத்திரம் கழுவினார். அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த மனைவி, "சோறு போதுமா?" என்றால் வாயில் தக்கையோடு ஏதோ முனகுவார். அவள் அதைப் போதாது என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் போடுவாள். வீட்டிலும் இனி இந்த ஊர் பாஷைதான் என்று அவர் சட்டம் போட்டபோது, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

"உங்களுக்கு வாயிலதான் தக்கை. எனக்கு நெஞ்சுல அடைக்குது," என்று சொல்லிவிட்டுப் பழையபடி பேச ஆரம்பித்தாள். சட்டம் அத்தோடு ஒழிந்தது.

அவர் நாக்கு மட்டும் வெளுத்துச் சுத்தமாகிவிட்டது. போனில் பேசினால் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்றுதான் எண்ணுவார்கள். நேரில் பேசினால், பேசியது யார் என்று அவர் முதுகுக்குப் பின்னால் தேடுவார்கள். வேஷத்தை நாக்கா தீர்மானிக்கிறது? மளிகைக் கடைக்காரர், டாக்ஸி ஓட்டுநர், கடத்தல்காரனின் அடியாள், விபத்தைப் பார்த்த சாட்சி. எல்லோரும் வெளியூர்க்காரர்கள். எல்லோருக்கும் இரண்டு வரி, மிஞ்சினால் மூன்று.

"அத்தானுக்கு மூஞ்சி ஒரு ஊரு, நாக்கு ஒரு ஊரு," என்பான் மைத்துனன். மனைவியின் தம்பி, நகரப் பேருந்து ஓட்டுகிறவன், சாப்பாட்டு நேரத்துக்கு எந்த வழித்தடத்திலிருந்தும் அக்கா வீட்டுக்கு வந்து சேரத் தெரிந்தவன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரிய வேஷம் வந்தது. ஒரு சினிமாவில் அப்பா. மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவனைப் பார்க்கவிடாமல் வாசலிலேயே நிறுத்திவைக்கப்படுகிற, கடல் தாண்டி வந்த ஒரு மனிதர். படம் முழுக்க வருகிறார். போஸ்டரில் முகம் உண்டு.

"முகம் முழுசாவா, இல்ல ஓரத்துல காது மட்டுமா?" என்றான் மைத்துனன், முட்டையை உரித்துக்கொண்டே.

"முழுசா."

மனைவி கூடவே இரண்டு முட்டை வேகப் போட்டாள். அது அவளுடைய சந்தோஷம்.

முதல் ஒத்திகைக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். இயக்குநர் சின்ன வயதுப் பெண். கம்பளித் தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். அவர் முதல் காட்சியை வாசித்து முடித்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சார், செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு."

"அழுத்தம் கூடிப்போச்சா?"

"இல்ல சார். ரொம்பச் சுத்தமா இருக்கு. இவர் நேத்துத்தான் கப்பல்ல வந்து எறங்கின மாதிரி இருக்கணும். உங்க பேச்சுல வாடை பத்தலை."

அவருக்குக் காதில் விழுந்தது புரிய நேரமாயிற்று. தக்கையைக் கடித்துக் கடித்துப் பல்லே தேய்ந்துபோயிருந்தது அவருக்கு. எதைத் துரத்துவதற்காக அவ்வளவும் பட்டாரோ, அதைப் போய்க் கூட்டி வா என்கிறாள் இவள்.

"ஒரு வாரம் இருக்கு சார். உங்க பழைய பேச்சைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க," என்றாள் கனிவாக. அந்தக் கனிவுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வீட்டில் மூச்சுவிடவில்லை. குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்துப் பழைய பேச்சைக் கூப்பிட்டுப் பார்த்தார். வரவில்லை. வந்தது, இந்த ஊர்க்காரன் ஒருவன் வெளியூர்க்காரனைக் கேலி செய்கிற குரல். கேட்கவே அசிங்கமாக இருந்தது.

வெளியே மனைவி கதவைத் தட்டினாள். "உள்ள யாரோட சண்டை போடறீங்க?"

மறுநாளிலிருந்து அவர் அவள் வேலை செய்யும் லாண்டரிக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். சும்மா ஒரு துணைக்கு என்றார். அவள் நம்பவில்லை. கல்யாணமானதிலிருந்து அந்தக் கடைக்குள் அவர் கால் வைத்தது, சட்டையைக் கொடுக்கவும் வாங்கவும்தான்.

ஈரமும் சோப்பு வாசனையும் அடைத்துக் கிடக்கும் நீளமான அறை அது. முன்னால் ஒரு மேடை, பின்னால் நீராவி இஸ்திரி இயந்திரம். அவள் கால்சட்டையைப் பலகையில் விரித்து, மடிப்பை இரண்டு விரலால் நீவி, மிதியை அமுக்குவாள். புஸ்ஸென்று ஆவி எழுந்து அவள் முகத்தை மறைக்கும். கலையும்போது நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே வாடிக்கைக்காரரிடம் சண்டையைத் தொடர்வாள். பேசுவது இந்த ஊர் பாஷைதான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் கடல் தாண்டி வந்த களைப்போடும் முறுக்கோடும் வந்து விழும்.

"காலர்ல மஞ்சளா இருக்கே? இது கறை இல்ல சார், கழுத்து. கழுத்தைக் கழுவினா காலர் தானா வெளுக்கும்."

அவர் மூலையில் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து உதட்டை அசைத்து அசைத்துப் பார்ப்பார். நான்காம் நாள், கோட்டு வாங்க வந்த ஒருவர், "அம்மா, அந்தாளு உங்களைப் பழிப்புக் காட்டறார். பாத்துக்கிட்டு சும்மா இருக்கீங்களே?" என்று கேட்டுவிட்டார்.

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"என்னைப் பாத்து நடிக்கறீங்களா?"

வேறு வழியில்லாமல் அவர் எல்லாவற்றையும் சொன்னார். அப்பா வேஷம், தொப்பிக்காரி, வாடை பத்தாதது எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே ஒரு சட்டையை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள்.

"நாடகக் கொட்டகை விருந்துக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா? நீல உடுப்பு போட்டுக்கிட்டு வந்தேன். வாசல்லயே வச்சு என்ன சொன்னீங்க?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. இல்லாதது போல முகத்தை வைத்துக்கொண்டார். அந்த ஒரு வேஷம் மட்டும் அவளிடம் என்றைக்கும் எடுபட்டதில்லை.

"நீ வாயைத் தொறக்காதே, சும்மா சிரிச்சுக்கிட்டு நின்னா போதும்னீங்க. நானும் நின்னேன். மறுநாள் வரைக்கும் தாடை வலிச்சுது. அன்னிக்கு வெக்கமா இருந்த பேச்சு, இன்னிக்கு இனிக்குதாக்கும்?"

"அது வந்து, சின்ன வயசு..."

"எனக்கும்தான் சின்ன வயசு." மிதியை அமுக்கினாள். ஆவி எழுந்தது. அதற்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "உக்காந்து கேட்டுத் தொலைங்க. ஒதட்டை அசைக்காதீங்க, ஆளுங்க பயப்படறாங்க."

வாரம் முடிந்து அவர் நடித்துக் காட்டப் போனார். ஆஸ்பத்திரி வாசல் காட்சி. ஊர்வாடை பிரமாதமாக அடித்தது. அவருக்கே புல்லரித்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தால், இயக்குநர் தொப்பியைப் பாதி மாட்டியபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.

"சார், ரொம்ப நல்லா இருக்கு. ஆனா..." தயங்கினாள். "இது ஒரு அம்மாவாச்சே?"

அவர் தன்னைக் குனிந்து பார்த்தார். ஒரு கை இடுப்பில் இருந்தது. இன்னொரு கை நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தது.

"யாரு சார் இவங்க? நிஜமா இருக்காங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் தொழில் தெரிந்தவர். நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று ஒருத்தி சொல்லும்போது மறைக்க மனம் வரவில்லை. "என் சம்சாரம்," என்றார்.

அடுத்த நாள் தொப்பிக்காரி லாண்டரியில் வந்து நின்றாள், காப்பி கொட்டிய கோட்டோடு.

"சோப்புப் போட்டுத் தேச்சியா?" என்றாள் மனைவி, கறையை வெளிச்சத்தில் பிடித்து.

"ஆமா, கொஞ்சம்."

"யாரு தேய்க்கச் சொன்னா? காப்பி மேலதான் நின்னுச்சு. நீ தேச்சுத் தேச்சு உள்ள குடி வச்சிருக்கே. இனி அது வாடகை குடுத்தாத்தான் போகும்."

இயக்குநர் சிரித்த சிரிப்பில் மேடைமேல் இருந்த பொத்தான்கள் உருண்டன. சிரித்து முடித்து, வந்த விஷயத்தைச் சொன்னாள். அப்பா வேஷத்தை அம்மா வேஷமாக மாற்றிவிடலாம் என்று இருக்கிறாள். அந்த அம்மாவாக இவளே நடிக்க வேண்டும்.

மூலையில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரருக்கு, தன்னைப் பாதி மாடியில் நிறுத்திவிட்டு மின்சாரம் போனது போல் இருந்தது.

மனைவி அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு வேலை இருக்கும்மா. கோட்டை வியாழக்கிழமை வந்து வாங்கிக்க," என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்த சண்டை நான்கு வீட்டுக்குக் கேட்டது. அவள் நினைத்தது, வேஷம் கைவிட்டுப் போன ஆத்திரத்தில் கத்துகிறார் என்று. மைத்துனனும் அப்படித்தான் நினைத்து, "விடுங்க அத்தான், அக்காதான் வேணாம்னுட்டாளே. வேஷம் உங்களுக்கே திரும்பி வந்துடும்," என்றான்.

"வேணாம்னுட்டாளே, அதுதான்டா வயித்தெரிச்சல்!" என்று கத்தினார் அவர். "போஸ்டர்ல மூஞ்சி வர்ற வேஷம்டா. நான் சவப்பெட்டி தூக்கி, ஈட்டி புடிச்சு, லிஃப்ட்டுல நின்னு காத்துக்கிடந்தது. இவளைத் தேடிக்கிட்டு வருது. இவ என்னடான்னா, வியாழக்கிழமை வந்து கோட்டை வாங்கிக்கங்கறா!"

"ஏங்க, அது உங்க வேஷங்க."

"நான் பண்ணினா நல்லாருக்காதுடி. நான் பாத்துட்டேன். ஒரு வாரமா மூட்டை மேல உக்காந்து பாத்தேன். நீ பேசறப்ப அடுத்து என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியலை. இத்தனை வருஷம் கூட இருக்கற எனக்கே தெரியலைன்னா, காசு குடுத்து வந்தவன் எப்படிக் கண்ணை எடுப்பான்?"

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அவள் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கிறார், அதையும் திட்டிக்கொண்டே. மைத்துனன் வாயில் வைத்த ரொட்டியை மெல்ல மறந்திருந்தான்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள் மெதுவாக.

"நான் பக்கத்துல இருக்கேன்."

"அதுதான் பயம்," என்றாள்.

படப்பிடிப்புக்கு ஒரு பழைய கட்டடத்தின் கூடத்தை ஆஸ்பத்திரி வாசலாக மாற்றியிருந்தார்கள். கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி, வரிசையாக நிற்க ஆட்கள். அவர் தண்ணீர் பாட்டிலும் விசிறியுமாக விளக்குகளுக்குப் பின்னால் நின்றார். கேமராவைப் பார்க்காதே, தரையில் போட்ட குறியை விட்டுத் தாண்டாதே என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். சாப்பாட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு குறியில் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள்.

அட்சர சுத்தமாகப் பேசினாள். மெதுவாக, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டு மடித்துவைத்த மாதிரி. அவர் பேசுவது போலவே.

"கட்!" இயக்குநர் தொப்பியைக் கடித்தாள். "அம்மா, கடையில பேசற மாதிரி பேசுங்கம்மா."

"அது எப்படி? நாலு பேரு பாக்கறாங்க. மரியாதையா பேச வேணாமா?"

மறுபடியும் எடுத்தார்கள். இன்னும் சுத்தமாகப் பேசினாள். கண்ணாடிக்குப் பின்னால் குமாஸ்தாவாக நடித்தவர் வேறு தங்கமான மனிதர். "பார்வை நேரம் முடிஞ்சிடுச்சும்மா" என்ற வசனத்தை மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். அவரைப் பார்த்து இவளுக்கு இரக்கம்தான் வந்தது. "பரவாயில்லப்பா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தாள்.

இயக்குநர் விளக்குகளுக்குப் பின்னால் வந்தாள். "சார், ஒரு உதவி. கேமராவுக்குப் பக்கத்துல நின்னு குமாஸ்தா வசனத்தை நீங்க சொல்லுங்க. பழகின குரல் கேட்டா அவங்களுக்குத் தைரியம் வரும்."

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். விசிறியை வைத்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். தைரியம் சொல்வதெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. ஒரு குமாஸ்தா; காலையிலிருந்து உட்கார்ந்து முதுகு வலிக்கிறவன்; அவனுக்கு இந்த அம்மாள் இன்றைக்கு எத்தனையாவதோ ஆள். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

"பார்வை நேரம் முடிஞ்சிடுச்சு," என்றார். கருங்கல்லில் தண்ணீர் ஊற்றிக் கழுவிய மாதிரி ஒரு குரல். அதில் பகை இல்லை. எதிரே ஒரு ஆள் நிற்கிறாள் என்ற நினைப்பே இல்லை.

அவள் முகம் மாறியது.

"முடிஞ்சிடுச்சுன்னா? புள்ளை மேல படுத்திருக்கான். அவனுக்கு நேரம் முடிஞ்சிடுச்சா?" வந்தது பேச்சு, கடல் தாண்டி, களைத்து, முறுக்கிக்கொண்டு. "சோறு ஆறுது. நீ சாப்புட்டியா? சாப்புட்டிருப்பே. உன் மூஞ்சியிலயே தெரியுது."

கட் சொல்ல வேண்டியவள் அதை மறந்து லிஃப்ட்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. தங்கமான மனிதருக்கு டாக்டர் வேஷம் கொடுத்தார்கள்; அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது. உடைகள் வைத்திருந்த பெண் சாம்பல் நிறச் சட்டை ஒன்றை எடுத்துவந்து லிஃப்ட்காரருக்கு மாட்டிவிட்டாள். மார்பில் குத்தியிருந்த தகட்டில் ஒரு பெயர் இருந்தது. இந்த ஊர்ப் பெயர். இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போன ஒருவனுடைய பெயர்.

"தகட்டை மாத்திடவா சார்?" என்றாள் அந்தப் பெண், அவர் முகத்தைப் பார்த்து.

"வேணாம்," என்றார் அவசரமாக. தகட்டைக் கையால் மூடிக்கொண்டார், யாரோ பிடுங்க வருவது போல. "இதே இருக்கட்டும்."

கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். முதல் டேக்கில் தவறு அவர்மேல். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டார். பார்த்தபின் குமாஸ்தா காணாமல் போய்விட்டான். அவள் புருஷன்தான் உட்கார்ந்திருந்தான். "சார், நிமிரக் கூடாது," என்றாள் இயக்குநர். இரண்டாவது டேக்கில் அவர் நிமிரவில்லை. அவள் குரல் ஏறியது, உடைந்தது, கெஞ்சியது, மறுபடியும் ஏறியது. கண்ணாடியில் அவள் உள்ளங்கை அறைந்த சத்தம் அவர் நெற்றியில் விழுந்தது. மேசையைப் பார்த்தபடியே, "அடுத்தவங்க வாங்க," என்றார்.

"கட்," என்றாள் இயக்குநர். இந்தத் தடவை தொப்பியைக் காற்றில் எறிந்தாள்.

சாயங்காலம் மைத்துனன் ஓட்டுகிற பேருந்திலேயே இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். நிற்க இடமில்லாத கூட்டம். யாரோ இரண்டு பேர் இரக்கப்பட்டு எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் இரண்டு தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, இரண்டு தடவையும் பதிலில்லாமல் தானே குடித்தார்.

பாலம் தாண்டியதும் அவள் திரும்பாமலே சொன்னாள்.

"நல்லா நடிச்சீங்க. கண்ணாடியைத் தாண்டி வந்து நாலு அறை விடணும்போல இருந்துச்சு."

இத்தனை வருஷத்தில் அவருடைய எந்த வேஷத்தைப் பற்றியும் அவள் வாய் திறந்ததில்லை. அவர் பாட்டில் மூடியைத் திருகினார். திருகித் திறந்தார். மறுபடியும் மூடினார்.

"எந்த எடத்துல?"

"என்ன எந்த எடத்துல?"

"அறையணும்போல இருந்துச்சுன்னியே. ஆரம்பத்துலயா, கடைசியிலயா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கடைசியில. என் மூஞ்சியைக்கூடப் பாக்காம 'அடுத்தவங்க வாங்க'ன்னீங்களே, அப்ப."

"எப்படிச் சொன்னேன்?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே சொன்னீங்க."

அவர் முதுகை நிமிர்த்தினார். கண்களைத் தன் முழங்கால்களில் நிறுத்தினார். சத்தமாக இல்லை, ஆனால் அதே குரலில் சொன்னார்.

"அடுத்தவங்க வாங்க."

நடுவழியில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும், சொன்னது யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல், ஒரு அடி முன்னால் நகர்ந்தார்கள். முன்கதவுப் பக்கம் இருந்தவர்கள் நெரிபட்டார்கள். "யாருய்யா அது? எறங்கற எடம் இன்னும் வரலை, தள்ளாதீங்க!" என்று மைத்துனன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூவினான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.